இருபத்துநாலில் ஒரு பங்கு

ஆறு வருசத்துக்கு முன்னம் கட்டி முடித்து
கண்ணாடி அலுமாரியில் வைத்த லொறி
முன்பக்கம் குனிந்து நின்றது,
குளம்பில் ஆணி ஏறின மாடு போல.

ரயரை மெல்ல இழுத்தேன்.
கழரவில்லை.
வெள்ளி பூசின றிம்
பாகு மாதிரி அதோடேயே வந்தது.

ஒருவரும் தொடவில்லை. வெயில் படவில்லை.
வினைல் வியர்த்திருக்கிறது, அவ்வளவுதான்.
அது இளகி இருக்கவேணும் என்று
ஆலையில் கலந்த எண்ணெய்
இருந்த இடத்தில் இருக்காமல் வெளியேறி
தன்னைத் தாங்கின பிளாஸ்ரிக்கைத் தின்றிருக்கிறது.
யாழ்ப்பாணத்துச் சித்திரையில்
அதுக்குப் பசி கொஞ்சம் கூட.

இப்ப புதுப்பெட்டி.
ரொறன்ரோவிலிருந்து மச்சாள் அனுப்பின ஒஸ்ரின்.
'சிறுவர் விளையாட்டுச் சாமான்' என்று எழுதியிருந்தது;
நாற்பத்தொரு வயதில் கையெழுத்துப் போட்டு எடுத்தேன்.
உள்ளே நாலு கறுப்பு வளையம்.
நகத்தால் அழுத்தினால் குழிந்து
திரும்ப எழும்புகிறது.
அதுதான் பயம்.

அமலதாஸ் சொல்கிறான்:
"றப்பர் எண்டால் றப்பர்தான்.
பாக்கிற ஆளுக்கு ரயர் எண்டு தெரியவேணும்."
குருநகரில் அவன்ர யன்னலோரம்
படகு எஞ்சினுக்கு வாங்கின ஓ-றிங் மாட்டின
மோட்டார் சைக்கிள் ஒன்று நிற்கிறது,
உள்ளங்கையளவு.
உப்புக்காற்றில் அதன் ஓரமெல்லாம்
குதிக்கால் வெடிப்பு.
காட்டினேன்.
"பழைய ரயர் வெடிக்கத்தானே வேணும்?"
அவனோடு கதைத்து வென்றவர் இல்லை.

பொலிஸ்ரைரின் ரயர் இரண்டு பாதியாய் வரும்.
ஒட்டி, காயவிட்டு, ஒட்டின கோட்டை
அரத்தாளால் தேய்க்கவேணும்;
தேயக்கூடாத பள்ளங்களும் சேர்ந்து தேயும்.
ஆனால் வியர்க்காது. வெடிக்காது.
றிம்மும் அதுவும் ஒரே சாதி
என்று எழுதிவிட்டு அந்தச் சொல்லை வெட்டினேன்.
ஒரே பிளாஸ்ரிக்.

குறை ஒன்றுதான்: அதுக்குப் பாரம் தெரியாது.
வட்டம் வட்டமாகவே நிலத்தைத் தொடும்.
கார் அந்தரத்தில் நிற்கும்,
விருந்துக்கு வந்தும் கதிரையில் இருக்காத
சம்பந்தி போல.

நான் பல்லுக் கட்டுகிறவள்.
ஆஸ்பத்திரி வீதியில், மேல்மாடியில்,
ஆரோ ஆட்களின் கடைவாயோடு பகல் போகும்.
மெழுகு, சிலிக்கன், றெசின் எல்லாம் கைக்கெட்டும் தூரம்.
ஒரு மத்தியானம், சாப்பாட்டு நேரம்,
மெழுகில் ரயர் ஒன்று கடைந்து
சூடாக்கின கண்ணாடித் தட்டில் வைத்தேன்.
மூன்று எண்ணும்வரைதான்.
அடி தட்டையானது. பக்கம் பிதுங்கியது.
ஐந்து பேர் நெருங்கி இருந்து
டிக்கியில் வெங்காய மூட்டை ஏற்றின கார்
வீட்டு வாசலில் நிற்கிற மாதிரி.

நாலு வார்த்தேன்.
மூன்றாவதில் காற்றுக்குமிழ் ஒன்று.
வாடிக்கையாளரின் பல் என்றால் எறிந்திருப்பேன்.
வைத்துக்கொண்டேன்.

கறுப்பு அடிக்கக்கூடாது என்று தெரியும்.
என்ன நிறம் என்று தெரியாது.
பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், வான்கள் நிற்கிற இடத்தில்,
சீலையை ஒதுக்கிக் குந்தியிருந்து பார்த்தேன்.
சாம்பல். அதுக்கு மேல் செம்மண்.
விளிம்பில் மட்டும்
றோட்டுக்கரைக் கல்லில் உரசின இடம், நல்ல கறுப்பு.
வான்காரன் எட்டிப் பார்த்து
"என்னக்கா, காத்துப் போட்டுதோ?" என்றான்.
இல்லை, பாக்கிறன் என்றேன்.
அவனும் வந்து குந்தியிருந்து பார்த்தான்.

ஞாயிறு பூசை முடிந்து அமலதாஸ் வந்தான்.
கண்ணை மேசை மட்டத்துக்கு இறக்கி
கனநேரம் ஒன்றும் சொல்லவில்லை.
பெருவிரலால் அழுத்தினான்; கல்லு.
"றப்பர் இல்லை," என்றான்.
படியிறங்கப் போனவன் திரும்பி
"பின் ரயருக்குக் காத்துக் காணாது."

லொறியை நான் திருத்தவில்லை.
குனிந்தபடியே அலுமாரியில் நிற்கிறது,
மற்ற வண்டிகளுக்குப் படாமல் தள்ளி,
ஒரு சின்னக் கண்ணாடித் துண்டின் மேல்.
இன்னும் எவ்வளவு எண்ணெய் மிச்சம் இருக்கிறது,
அச்சுவரைக்கும் போகுமா,
பார்க்கவேணும்.